ஒரு சிறு கலமும் ஒரு பெருங்கடலும்

நுழையும்முன்

வயலுக்கு வரப்பு உண்டு. அதனைக் கண்ணால் காணலாம், காலால் மிதிக்கலாம். கடலுக்கும் எல்லை உண்டு; ஆனால், அது அலைமேல் எழுதப்படாத கோடு. அந்தக் கோட்டைக் காப்பவர் யார்? எதனைக் கொண்டு காக்கின்றனர்? பசிபிக் பெருங்கடலின் சின்னஞ்சிறு தீவு நாடுகளில் பணிபுரியும் ரோந்துப் படகின் வழியாக இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இப்பாடம்.

கரிசல் காவலும் கடற்காவலும்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியும் இங்கு விளைகின்றன. கதிர் முற்றும் காலத்தில் புஞ்சையில் காவல் தொடங்கிவிடும். பரண்மீது நின்று பறவைகளை விரட்டுவோரும், இரவில் கைவிளக்குடன் வரப்பைச் சுற்றிவருவோரும் உண்டு. விளைந்தது எவ்வளவு என்பதைக் காட்டிலும், வீடு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதே உழவரின் கணக்கு. காவல் தவறினால் அவ்வாண்டின் உழைப்பு முழுவதும் பிறர் பங்காகிவிடும்.

பசிபிக் தீவு மக்களின் நிலையும் இதுவே. அவர்களுக்கு உழுவதற்கு நிலம் மிகக் குறைவு. துவாலு என்னும் நாட்டின் மொத்த நிலப்பரப்பே 26 சதுர கிலோமீட்டர்தான். பலாவு நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 18,000. நம் கோவில்பட்டி நகர மக்களில் ஐந்தில் ஒரு பங்கு. இத்தகைய நாடுகளுக்குக் கடலே புஞ்சை, மீனே விளைச்சல். அந்தப் புஞ்சையின் பரண்தான் ரோந்துப் படகு.

கடலில் வரைந்த கோடு

கடலில் ஒரு நாட்டுக்குரிய உரிமை எதுவரை என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது. 1982ஆம் ஆண்டு உருவாகி, 1994ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கை இதற்கு ஒரு தெளிவைத் தந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான பகுதி அந்நாட்டின் ஆட்சிக்கடல் ஆகும். அங்கு அந்நாட்டின் இறையாண்மை செல்லும். 200 கடல் மைல் வரையிலான பகுதி தனிப் பொருளாதார மண்டலம் எனப்படும். அப்பகுதியில் பிற நாட்டுக் கப்பல்கள் தடையின்றிச் செல்லலாம்; ஆனால், மீன்வளமும் கடலடிச் செல்வங்களும் கரை நாட்டுக்கே உரியவை. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். எனவே, 200 கடல் மைல் என்பது ஏறத்தாழ 370 கிலோமீட்டர்.

இச்சட்டத்தால் சிறிய தீவு நாடுகள் பெரிய கடல் நாடுகளாயின. கிரிபாட்டி என்னும் நாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் பேர். ஆனால், அதன் தீவுகள் பெருங்கடலில் சிதறிக் கிடப்பதால் அதற்குரிய பொருளாதார மண்டலம் ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பு 32.87 இலட்சம் சதுர கிலோமீட்டர் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியாவின் நிலப்பரப்பை விஞ்சும் இக்கடற்பரப்பைக் காக்க அந்நாட்டிடம் இருப்பது ஒரே ஒரு ரோந்துப் படகு. அதன் பெயர் 'தியானோவாய் இரண்டு'.

உலகில் பிடிக்கப்படும் சூரை மீனில் பாதிக்கும் மேற்பட்டது மேற்கு, நடுப் பசிபிக் கடற்பகுதியிலிருந்து கிடைக்கிறது. தொலைதூர நாடுகளின் பெருங்கப்பல்கள் அங்கு வந்து மீன்பிடிக்கின்றன. 1982இல் கையெழுத்தான நவுரு உடன்பாட்டின்படி இணைந்த எட்டுத் தீவு நாடுகள், தம் கடலில் மீன்பிடிக்கும் நாள்களைக் கணக்கிட்டு அக்கப்பல்களுக்கு விற்கின்றன. கிரிபாட்டி அரசின் வருவாயில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இந்த உரிமக் கட்டணத்திலிருந்தே வருகிறது. பள்ளி, மருத்துவமனை, குடிநீர் ஆகிய அனைத்தும் அப்பணத்தை நம்பியுள்ளன. உரிமம் பெறாத கப்பல் ஒன்று ஓரிரவு வலைவீசிச் சென்றால், களவு போவது மீன் மட்டுமன்று. ஒரு வகுப்பறையின் கூரையும் களவு போகிறது.

படகின் வரலாறும் அமைப்பும்

200 கடல் மைல் உரிமை கிடைத்தபோது, அதனைக் காக்கும் கலங்கள் இந்நாடுகளிடம் போதுமான அளவில் இல்லை. எனவே, ஆஸ்திரேலியா பசிபிக் ரோந்துப் படகுத் திட்டத்தைத் தொடங்கியது. 1987 முதல் 1997 வரை 22 படகுகள் கட்டப்பெற்று, 12 நாடுகளுக்குக் கொடையாக அளிக்கப்பட்டன. முதற்படகைப் பப்புவா நியூகினி பெற்றது. அந்நாடு, பிஜி, டோங்கா ஆகிய மூன்றில் மட்டுமே படகுகளைக் கடற்படை இயக்குகிறது. ஏனைய நாடுகளில் காவல்துறையின் கடற்பிரிவு போன்ற அமைப்புகளே இயக்குகின்றன.

அப்படகின் நீளம் 31.5 மீட்டர். அது போர்க்கப்பல்களுக்குரிய நுட்பமான தரத்தில் கட்டப்படவில்லை. வணிகக் கலங்களுக்குரிய எளிய தரத்திலேயே கட்டப்பட்டது. இதற்குக் காரணம் உண்டு. தொலைதூரத் தீவில் பொறி பழுதுபட்டால், அங்குள்ள பட்டறையிலேயே சரிசெய்ய இயலவேண்டும். உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கவேண்டும். உழவர் ஒருவர் தம் ஊரில் பழுதுநீக்க ஆள் கிடைக்கும் இறைப்பானையே தேர்ந்து வாங்குவதைப் போன்றது இது.

அப்படகுகள் முதுமையடைந்தபின், 2018 முதல் 'கார்டியன்' வகைப் படகுகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹெண்டர்சன் என்னுமிடத்தில் எஃகினால் கட்டப்பெறும் இவற்றின் நீளம் 39.5 மீட்டர், அகலம் 8 மீட்டர். இரண்டு தொடர்வண்டிப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளத்தைவிட இது குறைவு. 23 பேர் தங்கிப் பணியாற்றலாம். நீருக்குள் அமிழும் ஆழம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். பவளப் பாறைகளுக்கிடையே ஆழம் குறைந்த துறைகளில் நுழைவதற்கு இது உதவுகிறது. மிகுதியான வேகம் மணிக்கு 20 கடல் மைல். 12 கடல் மைல் வேகத்தில் சீராகச் சென்றால், ஒருமுறை நிரப்பிய எரிபொருளைக் கொண்டு 3,000 கடல் மைல் செல்லும். பின்புறத்திலிருந்து நீரில் இறக்கத்தக்க சிறிய விரைவுப்படகு ஒன்றும் இதனுள் இருக்கும்.

ஒரு கணக்கு

இப்படகு ஒன்றினால் ஒரு பெருங்கடலைக் காத்தல் இயலுமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் ஒருநாள் முழுவதும் சென்றால் 288 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 533 கிலோமீட்டர் கடக்கலாம். நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் தெரியும். இருபுறமும் சேர்த்து 22 கிலோமீட்டர் அகலமுள்ள கடற்பட்டை அவர் பார்வைக்குள் அடங்கும். ஆகவே, ஒருநாளில் பார்க்கக்கூடிய பரப்பு ஏறத்தாழ 11,700 சதுர கிலோமீட்டர். இரவையும் பகலாகக் கொண்டாலும், 35 இலட்சம் சதுர கிலோமீட்டரை ஒரேயொரு முறை பார்த்து முடிக்க ஏறத்தாழ 300 நாள்கள் தேவை. அதற்குள் முதல்நாள் பார்த்த இடத்தில் யாரும் வந்து போயிருக்கலாம்.

கிரிபாட்டியின் தலைநகர்த் தீவான தாராவாவிலிருந்து கிழக்கேயுள்ள கிரிஸ்துமஸ் தீவுக்குத் தொலைவு மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அங்குச் சென்றுசேர ஆறு நாள்கள் ஆகும். எரிபொருளோ ஒருவழிப் பயணத்திற்குப் போதும்; இடையில் நிரப்பாமல் மீண்டுவரப் போதாது. படகு கொடையாகக் கிடைத்தாலும் எரிபொருளுக்குப் பணம் வேண்டும். பணமின்மையால் படகு துறையிலேயே கட்டிக்கிடக்கும் நாள்களும் உண்டு.

எனவே, படகு தனித்துக் காவல் செய்வதில்லை. உரிமம் பெற்ற கப்பல்களில் பொருத்தப்பட்ட கருவி, செயற்கைக்கோள் வழியாக அவற்றின் இருப்பிடத்தைத் தெரிவிக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளின் வானூர்திகள் கடலைப் பார்வையிடுகின்றன. சாலமன் தீவுகளின் தலைநகர் ஓனியாராவில், 1979இல் அமைக்கப்பட்ட பசிபிக் தீவுகள் மீன்வள முகமை இச்செய்திகளைத் திரட்டி உறுப்பு நாடுகளுக்கு அனுப்புகிறது. செயற்கைக்கோள் கண்ணாகலாம், வானூர்தி விரலாகிச் சுட்டலாம். ஆயினும், ஐயத்திற்குரிய கப்பலில் ஏறிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் கை, ரோந்துப் படகே.

கப்பலில் ஏறும் நேரம்

ஐயத்திற்குரிய கப்பலை நெருங்கியதும், வானொலித் தொடர்பின் வழியாக அதன் பெயரும் கொடியும் உரிம எண்ணும் கேட்கப்படும். நிற்குமாறு ஆணையிடப்படும். பின்னர், விரைவுப்படகில் சோதனைக் குழு புறப்படும். ஏறி இறங்கும் அலையில், உயர்ந்த கப்பலின் பக்கவாட்டுக் கயிற்றேணியைப் பற்றி ஏறுதல் இப்பணியிலேயே இடர் மிகுந்த நொடி. மேலேறியதும் உரிமம், பயணப் பதிவேடு, வலையின் அமைப்பு, குளிரறையில் உள்ள மீனின் வகையும் அளவும் ஆகியவற்றைச் சரிபார்ப்பர். பதிவேட்டில் எழுதியதும் குளிரறையில் இருப்பதும் வேறுபட்டால், அதுவே குற்றத்திற்குச் சான்று. அக்கப்பல் துறைமுகத்திற்கு அழைத்து வரப்பட்டு, வழக்கு நீதிமன்றம் செல்லும்.

இங்குச் சட்டம் ஓர் அறத்தையும் வலியுறுத்துகிறது. கடற்சட்ட உடன்படிக்கையின் 73ஆம் உறுப்பின்படி, பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிக் குற்றத்திற்காகப் பிடிபட்ட கலத்தையும் மாலுமிகளையும், உரிய பிணைத்தொகை பெற்று விரைவில் விடுவிக்கவேண்டும். நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாதபோது, இக்குற்றத்திற்குச் சிறைத்தண்டனை கூடாது. உடலை வருத்தும் தண்டனை எந்நிலையிலும் கூடாது. வலையிழுப்பவர் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஏழை. கொள்ளைப் பயனை அடைபவரோ கரையில் இருப்பவர். 2015 ஜூன் திங்களில், தன் கடலில் கடல் அட்டைகளைத் திருடிய நான்கு வியட்நாமியப் படகுகளைப் பலாவு நாடு தீயிட்டு எரித்தது. எரிந்தவை படகுகளே, மாலுமிகளில் பெரும்பாலோர் வேறு படகுகளில் ஊர் திரும்ப அனுப்பப்பட்டனர். வளத்தைக் காத்தலும் மனிதரைக் காத்தலும் காவலின் இரு கண்கள்.

உயிர்காக்கும் கலம்

ரோந்துப் படகின் நாள்கள் திருட்டைத் தேடுவதில் மட்டும் கழிவதில்லை. பொறி நின்றுபோய் அலையில் மிதந்து செல்லும் மீனவரைத் தேடுதல், நோயாளியைத் தலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல், புயலுக்குப் பின் உணவும் குடிநீரும் ஏற்றிச் செல்லுதல் ஆகியனவும் அதன் பணிகளே. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தது, ஆழிப்பேரலை எழுந்தது, கடலடித் தகவல் வடம் அறுந்தது, தீவுகள் ஒன்றின் நிலையை மற்றொன்று அறிய இயலவில்லை. அந்நேரத்தில் வெளித்தீவுகளின் நிலையை அறிந்துவரவும் உதவிப் பொருள்களைக் கொண்டுசெல்லவும் அந்நாட்டுக் கடற்படையின் கலங்களும் சென்றன.

பிஜித் தீவும் நாமும்

பிஜி நாட்டை நாம் அயலாகக் கருத இயலாது. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றில் தமிழர் பலர் இருந்தனர். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் துயருற்ற பெண்களுக்காகப் பாடினார். கரிசல் மண்ணில் தோன்றிய கவிஞரின் இரக்கம் கடல் கடந்து சென்றது. அங்குக் குடியேறிய தென்னிந்தியர் 1926இல் நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகளை நடத்திவருகிறது.

அக்குடியேற்ற வரலாற்றில் ஒரு துயர நாள் உண்டு. 1884 மே 11 அன்று, கொல்கத்தாவிலிருந்து 497 தொழிலாளரை ஏற்றிவந்த 'சிரியா' என்னும் பாய்க்கப்பல், பிஜியின் நசிலாய்ப் பவளப் பாறைத்திட்டில் மோதி உடைந்தது. கரை தொலைவில் இல்லை. ஆயினும், உடனே விரைந்து உதவக் காவற்கலம் இல்லை. செய்தி சென்று மீட்போர் வருவதற்குள் உயிர்கள் பறிபோயின. 59 பேர் இறந்தனர்.

இன்று அப்பாறைத்திட்டுகளுக்கிடையே பிஜிக் கடற்படையின் படகுகள் உலவுகின்றன. 2020 மார்ச்சில் 'சாவெனாக்கா', 2024 மார்ச்சில் 'புவாமாவு' என இரு கார்டியன் படகுகளை அந்நாடு பெற்றது. ஆனால், அதே 2024 ஜூன் திங்களில், தன் முதற்காவற் பயணத்திலேயே புவாமாவு, லாவு தீவுக்கூட்டத்திலுள்ள புலாங்கா அருகே பாறைத்திட்டில் ஏறிச் சிக்கியது. பின்னர் அது மீட்டெடுக்கப்பட்டது. 140 ஆண்டுகளுக்குப் பின்னும், ரேடாரும் செயற்கைக்கோளும் வந்த பின்னும், பவளப் பாறை தன் வலிமையை இழக்கவில்லை. ஒரே ஒரு கலம் முடங்கினாலும் ஒரு சிறிய நாட்டின் காவலில் பெரும்பகுதி முடங்கிவிடுகிறது என்பதையும் இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நம் கரையில்

கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் தூத்துக்குடிக் கடல் உள்ளது. இடைப்பட்ட ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார், 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்து, 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்களைக் கடலில் செலுத்தினார். தன் கடலில் தன் கலம் இல்லாத நாடு உரிமையுள்ள நாடாகாது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

விடுதலைக்குப் பின், 1976ஆம் ஆண்டுக் கடல் மண்டலச் சட்டத்தின்வழி இந்தியா 200 கடல் மைல் உரிமையைப் பெற்றது. உரிமை வந்ததும் காவலும் தேவைப்பட்டது. உருஸ்தம்ஜி தலைமையிலான குழு பரிந்துரைத்தபடி, 1977 பிப்ரவரி 1 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை உருவாயிற்று. கடற்படையிடமிருந்து பெற்ற இரு போர்க்கலங்களும் ஐந்து ரோந்துப் படகுகளுமே அதன் தொடக்கச் சொத்து. பின்னர் சென்னைக்கு அருகிலுள்ள காட்டுப்பள்ளியிலும் அதற்குரிய ரோந்துக் கலங்கள் கட்டப்பட்டன. இந்தியாவும் அண்டைத் தீவு நாடுகளுக்கு உதவுகிறது. 2005இல் செசெல்சுக்கும் 2006இல் மாலத்தீவுக்கும் ரோந்துக் கலங்களை வழங்கியது.

மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட தொலைவு குறைவு. 200 கடல் மைல் என்னும் அளவு இங்குப் பொருந்தாது. அதனால் 1976ஆம் ஆண்டு உடன்பாட்டின்வழி எல்லைக்கோடு வரையப்பட்டது. அந்தக் கோட்டை மீன் அறியாது; காற்றும் நீரோட்டமும் அறியா. மீனவர் அறிந்திருந்தும், மீனைத் தொடர்ந்து செல்கையிலோ பொறி பழுதாகையிலோ அதனைத் தாண்டிவிட நேர்கிறது. இக்கடலில் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினமான கடல் அட்டையைக் கடத்துவோரும் உள்ளனர். கடத்துவோரைப் பிடிக்கவும், வழிதவறியவரை மீட்கவும் ஒரே படகு செல்லவேண்டியுள்ளது.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், குமரிக் கடலில் மீனவர் பலரின் உயிரைப் பறித்தது. ஆழ்கடலில் இருந்தோருக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்றுசேர்தல் எத்துணை இன்றியமையாதது என்பதைத் தமிழகம் அன்று உணர்ந்தது. கடலில் இடருற்றோருக்கு உதவ, கடலோரக் காவல்படையின் 1554 என்னும் எண்ணும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்னும் எண்ணும் உள்ளன. கடற்கரை ஊர்களில் வாழும் மாணவர் ஒவ்வொருவரும் இவ்விரு எண்களையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

நிறைவாக

இரு தொடர்வண்டிப் பெட்டிகளின் நீளம்கூட இல்லாத கலம், அதில் இருபத்துமூவர். அவர்கள் முன் இந்தியாவை விஞ்சும் கடற்பரப்பு. கணக்கிட்டால் காவல் செய்ய இயலாது என்றே தோன்றும். ஆயினும், கரிசற் புஞ்சையின் பரணில் நிற்பவரும் எல்லாப் பறவைகளையும் விரட்டிவிடுவதில்லை. காவலுக்கு ஆள் இருக்கிறார் என்று தெரிவதே விளைச்சலில் பெரும்பகுதியைக் காத்துவிடுகிறது. ஆளில்லாப் பரண் ஒருநாளிலேயே தெரிந்துவிடும். துறையில் கட்டிக்கிடக்கும் படகும் அவ்வாறே.

தெரிந்து தெளிவோம்

கடற்கலங்களைக் குறிக்கத் தமிழில் கலம், வங்கம், நாவாய், தோணி, திமில், அம்பி, புணை எனப் பல சொற்கள் வழங்கிவந்துள்ளன. கப்பலைச் செலுத்துபவர் மீகாமன் எனப்பட்டார். கலங்களைக் கரைநோக்கி அழைக்கும் விளக்கு, கலங்கரை விளக்கம் எனப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. தூத்துக்குடி, வேம்பார், இராமேசுவரம் ஆகிய ஊர்களில் ஒன்றைச் சேர்ந்த மீனவரிடம் உரையாடி, கடலில் எல்லையை அவர் எவ்வாறு அறிகிறார் என்பதைக் கேட்டு எழுதுக.

2. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் படகு சென்றால், கிரிபாட்டியின் கடற்பரப்பை ஒருமுறை பார்வையிட எத்தனை நாள்கள் ஆகும்? கணக்கிட்டு, அவ்வேகத்தில் செல்வதால் எரிபொருளுக்கு நேரும் இடர் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. 'வளத்தைக் காத்தலும் மனிதரைக் காத்தலும் காவலின் இரு கண்கள்' என்னும் தலைப்பில் ஒருபக்க அளவில் கட்டுரை எழுதுக.